பதினான்காம் கட்டம்

திங்கள் ஒட்டி, புதன் உரித்து,
வெள்ளி வாசிப்பார்களாம் என் முதுகை.
இரண்டு பட்டையில் இருபது கட்டம்.
எழுதியிருப்பது என் மேல்தான்;
எனக்கு மட்டும் தெரியாத எழுத்து.

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுகிறவள்.
நள்ளிரவு ஒரு மணிக்கு மிஷினில் கொட்டி,
தரம் பிரித்து, மூட்டை கட்டி,
விடியுமுன் மேட்டுப்பாளையம் லாரி.
இரண்டு வருஷமாய் விரலிடுக்கில்
தோல் வெடித்து நீர் கசிகிறது.
புளி கரைக்கிற நேரம் உயிர் போய் வருகிறது.
தண்ணீர்தான் என்றாள் நாத்தனார்.
குளிர் என்றார் மருந்துக்கடைக்காரர்,
ஒரு ட்யூபை நீட்டிக்கொண்டே.

ஊட்டியில் நஞ்சுண்டன்தான் ஒட்டினார்.
குங்குமச் சிமிழ் மூடி மாதிரி
சின்னச் சின்ன அலுமினியக் குழிகள்.
நிக்கல், குரோமியம், வாசனைக் கலவை,
பதினான்கில் ரப்பர் கலவை,
இருபதில் வெறும் வாசலின்.
அது எதுக்கு?
"ஒண்ணுமே இல்லாததுக்கும்
உங்க தோல் கத்துதான்னு பாக்க."

குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, சுமக்கக் கூடாது.
முதல் இரண்டையும் மலை பார்த்துக்கொண்டது:
குழாய்த் தண்ணீரில் யார் குளிப்பார் இந்த மார்கழியில்?
மூன்றாவதுக்கு ஆள் இல்லை.
செவ்வாய் இரவு இருவர் வரவில்லை,
லாரி ஹாரன் அடித்தது,
பதினொரு மூட்டை தூக்கினேன்.
காலையில் பட்டையின் ஓரம்
மழை நனைந்த போஸ்டர்போல் சுருண்டிருந்தது.
நிரோஷினி பெருவிரலால் அழுத்திவிட்டு
பள்ளிக்கூடம் போனாள்.

வெள்ளி. ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள்.
டாக்டர் ஹெப்ஸிபா கண்ணால் பார்த்ததோடு விடவில்லை,
விரல் நுனியால் தடவித் தடவிப் படித்தார்.
நிக்கலுக்கு இரண்டு கூட்டல்.
பதிமூன்று வயதில் திருவிழாத் தோடு போட்டு
காது அழுகியது ஞாபகம் வந்தது.
சொன்னேன்.
"அது உண்மைதான் யோகராணி.
ஆனா இந்தக் கைக்கான உண்மை இல்ல."

பதினான்கில் நின்றுவிட்டது விரல்.
"தடிப்பு இருக்கு."
"வெறும் எரிச்சல் மேடம், ஓரத்துல மட்டும் செவப்பு,"
என்றான் கூட நின்ற படிக்கிற பையன்.
என் முதுகுக்குப் பின்னால்
என் முதுகைப் பற்றியே
தாழ்ந்த குரலில் வழக்கு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
குண்டு பல்பு வெளிச்சத்தில்
கேரட் தரம் பிரிக்கிறவளுக்குத் தெரியாதா?
இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே
ஒரு கேரட் எப்போதும்
கையிலேயே நின்றுவிடும்.
முதலாளி பார்த்தால் இங்கே,
வியாபாரி பார்த்தால் அங்கே.

கடைசியில்
கேள்விக்குறி போட்டு ஒரு கூட்டல்.

மூட்டை தூக்கியதைச் சொன்னேன்.
பட்டை உரிந்ததைச் சொன்னேன்.
"மருந்து ஏதாச்சும் தடவினீங்களா?"
ட்யூப்.
"எப்போ?"
ஞாயிறு ராத்திரி.
"கையில தானே?"
முதுகிலும். அங்கேயும் அரித்தது.
பேனா நின்றது.
"அப்போ இல்லன்னு வந்ததையும்
இல்லன்னு எடுத்துக்க முடியாதும்மா."
கோபமில்லை அவர் குரலில்.
ஒரு வாரத்தில் மூன்று கூலி போனவளிடம்
எப்படிச் சொல்வதென்று தேடிய குரல்.

ட்யூபை நிறுத்தி ஒரு மாசம் கழித்து வா.
போடுகிற கையுறையையே கொண்டு வா.
துண்டு வெட்டி ஒட்டிப் பார்க்கலாம்.
அதுவும் சொல்லாமல் போகலாம்;
போனால் வேறு யோசிப்போம்.

இரண்டு வருஷத்தில்
என் கையைப் பார்த்து
தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள்.

லவ்டேல் தாண்டி மூடுபனி.
பஸ் கம்பியைப் பிடிக்காமல்
முழங்கையைக் கோத்து நின்றேன்.
பழைய கையுறையில் எந்த விரலை வெட்டுவது?
வலது சுட்டுவிரல். அதுதான் அதிகம் உழைத்தது.

ஒன்று மட்டும் சொல்லவில்லை.
புதன் ராத்திரி இருபதாம் கட்டமும் அரித்தது.
வாசலின்.
வெள்ளிக்குள் அடங்கிவிட்டது,
அவர்கள் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை.
நோட்டில் எழுதி மூடியும் விட்டார்கள்.
அடுத்த மாசம் சொல்லிக்கொள்ளலாம்,
அப்போதும் அரித்தால்.